சமையல் மேடையின் அடிப்பக்கம்

அரிசி டிரம்மின் மூடிமேல் சாம்பல் நிறத்தில் ஏதோ தூள் உதிர்ந்து கிடந்தது. துடைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் காலையிலும் கிடந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றிருந்தது. எலி எங்காவது சுவரைப் பறிக்கிறதா, கரையானா, இல்லை மழை ஈரத்தில் பூச்சு கழன்று கொட்டுகிறதா என்று மேலும் கீழும் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிக்கிற பிரிவில் இருக்கிறேன். ரப்பர் வளையம், ஸ்பிரிங், நட்டு எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போகும். பெட்டியின் மேல்வரிசையில் நல்லதை அடுக்கி, அடியில் கழிசலை வைத்து அனுப்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, சந்தையில் தக்காளி வாங்கினாலும் கூடையின் அடியில் கையை விட்டுத்தான் எடுப்பேன். என் கணவருக்கு அது பெரிய கேலி. "கல்யாணத்தன்னைக்கு என்னையும் புரட்டிப் புரட்டிப் பாத்துருப்பா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்வார்.

நாங்கள் இருவரும் சாத்தூர்ப் பக்கம். அவருக்கு இங்கே ஃபேக்டரியில் வேலை கிடைத்து வந்தோம். எனக்கும் கிடைத்தது, தங்கிவிட்டோம். வாடகை வீடுகளில் இருந்து சலித்துப்போய், கெலமங்கலம் சாலையில் ஒரு லேஅவுட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு விசேஷம் உண்டு. துணி காயப்போடும் கொடியை உற்றுப் பார்த்தால் அது கார் வயராக இருக்கும். சோபாவின் உள்ளே இருப்பது பஸ் சீட்டின் பஞ்சு. தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. லேபிளைச் சுரண்டிய தழும்பு மட்டும் இருக்கும். கம்பெனிகள் வேண்டாமென்று தள்ளியதெல்லாம் எப்படியோ சுற்றி வந்து ஏதோ ஒரு வீட்டில் வேறு பெயரில் உட்கார்ந்துகொள்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் சமையலறையில் ஏமாந்தேன்.

தூள் உதிர்ந்த மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, டிரம்மை இழுத்து நகர்த்தியபோது மூடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். சமையல் மேடையின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. மேலே சிங்க்கின் ஓரத்தில் எங்கோ கசிந்து, கல்லின் அடியோடு ஓடி வந்து, டிரம்முக்கு நேர்மேலே சொட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் பூசியிருந்த சிமெண்ட்தான் ஊறி ஊறிச் செதில் செதிலாக உதிர்ந்திருக்கிறது.

கசிவுதானே, மேஸ்திரியைக் கூப்பிட்டால் போயிற்று என்று நிம்மதியாக எழுந்திருக்க வேண்டியவள் நான். ஆனால் ஒரு கேள்வி வந்தது. கிரானைட்டின் அடியில் எதற்குச் சிமெண்ட் பூச வேண்டும்? மேலே பூசினால் அழகுக்கு என்று சொல்லலாம். யாரும் குனிந்துகூடப் பார்க்காத அடிப்பக்கத்தில் யார் பூசுவார்கள்?

டிரம்மை வெளியே இழுத்துவிட்டு, தரையில் மல்லாந்து படுத்து, தலையை மேடைக்கு அடியில் நீட்டி, போன் வெளிச்சத்தை அடித்தேன். உதிர்ந்த இடத்தில் கல் கருப்பாகப் பளபளத்தது. மேல்பக்கத்தைவிட அதிகமாகப் பளபளத்தது. அதில் வெட்டு ஒன்று தெரிந்தது. கீறலாக இருக்கும் என்று நினைத்து விரலை வைத்தேன். விரல் உள்ளே போனது. வளைந்து போனது. பக்கத்தில் இன்னொரு வெட்டு. சுண்ணாம்பு சுரண்டும் தகட்டை எடுத்து மெதுவாகச் சுரண்டினேன். ஈரத்தில் இளகியிருந்த பூச்சு பத்தை பத்தையாக முகத்தில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

எழுத்துகள். ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் ஆங்கிலம் இல்லை. பள்ளத்துக்குள் தங்க நிறப் பெயிண்ட் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெயர். பெயருக்குக் கீழே ஒரு வருடம், ஒரு கோடு, இன்னொரு வருடம். எல்லாவற்றுக்கும் தலைமாட்டில் ஒரு சிலுவை.

இரண்டாவது பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சரியாகப் படிக்காமலே வெளியே வந்துவிட்டேன். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பு அந்தக் கல்லின் மேல்தான் இருந்தது.

*

என் கணவர் முதல் ஷிப்ட் முடித்து மதியம் வந்தார். நான் மேடைக்கு அடியில் மறுபடியும் படுத்திருந்தேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, இங்கிட்டு வந்து படுத்துக் கெடக்க? மயக்கமா?"

"நீங்களும் வந்து பாருங்க."

அவர் படுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இது கல்லறைக் கல்லு மாதிரில இருக்கு" என்றார்.

பெயர்களுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. அது என்னவென்று தெரிந்தால் நல்லது என்று போனில் மொழிபெயர்க்கும் வசதியைத் திறந்து காட்டினேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பெண் குரலில், தெளிவான தமிழில், "மீண்டும் ஒன்று சேர்வோம்" என்றது.

அவர் எழுந்த வேகத்தில் தலை கல்லில் இடித்தது.

அன்று ஹோட்டலில் வாங்கிச் சாப்பிட்டோம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் தயங்கித் தயங்கி, "அடுத்த மாசம் அம்மா வருது" என்றார். அவருடைய அம்மா சகுனம் பார்ப்பவர். யாராவது வாசல்படியில் உட்கார்ந்து தும்மினாலே அன்றைய பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர். கல்லறைக் கல்லில் சோறு ஆக்குகிறோம் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. தேவைப்படவில்லை.

எனக்கு அவருடைய பயம் இல்லை. எனக்கு இருந்தது வேறு. இந்தக் கல் எப்படி என் வீட்டுக்குள் வந்தது?

வீடு கட்டிய நாட்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். மேஸ்திரி கெலமங்கலத்துக்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், எலக்ட்ரீஷியனிடம் தெலுங்கு. வேலை சுத்தமாக இருக்கும். அதனால்தான் அவரைப் பிடித்தோம். மேடைக்குக் கல் எடுக்க நானும் வருகிறேன் என்று சொன்னபோது, "நீங்க எதுக்குங்க மேடம் வெயில்ல அலையணும்? ஓனர் வந்தா வெல ஏத்திடுவாங்க. நான் பாத்து எடுத்தாறேன்" என்றார். சரியான காரணமாகத்தான் பட்டது. கல் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மேடை முடிந்திருந்தது. எல்லோர் வீட்டிலும் இருப்பதைப் போல மெல்லியதாக இல்லாமல் நல்ல தடிமனாக இருந்தது. "இந்தக் கல்லுக்குக் கீழ கான்கிரீட்டு பலகைகூட வேணாங்க. யானை ஏறி நின்னாலும் தாங்கும்" என்றார். நான் குனிந்து அடியில் பார்க்கப் போனேன். "வேணாம் மேடம், இன்னும் காயல, தலைல ஒழுகும்" என்று தடுத்தார். பிறகு தன் ஆளிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அதில் 'கெளகடே' என்ற வார்த்தை மட்டும் எனக்கு நினைவில் நின்றது. அப்போது எனக்குக் கன்னடம் பஸ் ஏறி இறங்கும் அளவுக்குத்தான் தெரியும். இப்போது தெரியும். கெளகடே என்றால் கீழ்ப்பக்கம்.

இதையெல்லாம் கோத்துப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. கல்லைத் திருடியிருக்கிறார்கள். எங்கோ ஒரு கல்லறையிலிருந்து பெயர்த்து, திருப்பிப் போட்டு, எழுத்தை மறைத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

*

ஊருக்கு வெளியே பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்துக் கல்லறைகளும் அதில் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கணவரிடம் காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை அங்கே விட்டேன். கையில் கட்டைப்பை. உள்ளே நுழைந்து ஒவ்வொரு கல்லறையாகப் பார்த்துக்கொண்டு போனேன். மேல்கல் பெயர்ந்த கல்லறை எங்கேயாவது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. ஒரு கல்லறையில் சிமெண்ட் புதிதாக இருந்தது. உட்கார்ந்து விரலால் தட்டிப் பார்த்தேன். மேடையின் நீளம் எனக்குத் தெரியும். அதற்கு ஈடாக இருக்குமா என்று சாணால் அளந்தேன்.

"யாருக்கும்மா அளவு எடுக்கறீங்க?"

பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். கையில் துடைப்பம்.

"இல்லங்க, சும்மா பாத்தேன்."

"சும்மா யாராச்சும் கல்லறைய முழம் போடுவாங்களா? உங்க ஆளுங்க யாராச்சும் இங்க இருக்காங்களா?"

"இல்ல."

"பின்ன என்னா வேலை? பையில என்னா?"

பையைத் திறந்து காட்டினேன். ஒன்றுமில்லை. காலிப் பையாக இருந்ததுதான் தப்பாகிவிட்டது. கொண்டுபோக வந்தவள் என்று நினைத்துவிட்டார். "பித்தளைச் சிலுவை ரெண்டு போச்சு இங்க. ஐயர்கிட்ட சொல்லணும், உங்க வண்டி நம்பர் என்னா?" என்று கூடவே வாசல்வரை வந்தார். ஐயர் என்று அவர் சொன்னது பாதிரியாரை. நான் வண்டியை எடுக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடமாக மற்றவர்கள் சரக்கைச் சந்தேகமாகப் பார்த்தவளுக்கு, தன்னை ஒருவர் அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பது அன்று வண்டியில் வீடு வரும்வரை முதுகில் உறைத்துக்கொண்டே இருந்தது.

ஆனால் ஒன்று தெரிந்தது. அங்கே எந்தக் கல்லும் பெயரவில்லை. அதோடு, அங்கே இருந்த பழைய கற்கள் எல்லாம் மங்கிப்போய், பாசி ஏறி, எழுத்தின் விளிம்பு தேய்ந்து கிடந்தன. என் வீட்டுக் கல்லின் எழுத்து அப்படி இல்லை. விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. ஒரு மழைகூட அதன்மேல் பெய்ததில்லை.

வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதுவரை கவனிக்காத இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதல் பெயருக்குக் கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும் இருந்தன. இரண்டாவது பெயருக்குக் கீழே பிறந்த வருடம் மட்டும் இருந்தது. பிறகு ஒரு கோடு. அதற்கப்புறம் வெறும் கல். இன்னொன்று, இரண்டாவது பெயரின் நடுவில் ஓர் எழுத்தின்மேல் சிவப்பு பெயிண்ட் தடவியிருந்தது. சின்னப் பொட்டு அளவுதான்.

சிவப்புப் பொட்டு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனியில் தினமும் நான் வைக்கும் பொட்டு அது. இந்தச் சரக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

*

மேஸ்திரி அப்போது தளி சாலையில் ஒரு வீட்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். கணவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். எங்களைக் கண்டதும் சிரித்தார். "வாங்க மேடம், வாங்க சார். என்னா, மாடி கட்டப் போறீங்களா?"

நான் போனை நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். பிறகு தன்னை மறந்து சொன்னார்:

"ரெண்டு கோட்டு சிமெண்ட் அடிச்சனே! எப்படிங்க வெளிய வந்துச்சு?"

"அப்ப தெரிஞ்சுதான் போட்டிருக்கீங்க" என்றேன்.

மாட்டிக்கொண்டது அவருக்கே புரிந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"தெரியுங்க. ஆனா சாமி சத்தியமா திருட்டுக் கல்லு இல்லீங்க. பொணத்து மேல இருந்த கல்லும் இல்ல. புதுக் கல்லு."

"புதுக் கல்லுல எப்படிங்க செத்தவங்க பேரு இருக்கும்?" என்று கணவர் சத்தமாகக் கேட்டார். கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், மெதுவா பேசுங்க சார்" என்று மேஸ்திரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வீட்டு ஓனருக்கும் அங்கேர்ந்துதான் கல்லு சொல்லியிருக்கேன்."

எங்கிருந்து என்று கேட்டேன். கிருஷ்ணகிரி போகும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கல் பட்டறை இருக்கிறது என்றார். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற இடம். அங்கே தள்ளுபடி ஆனதை வெளியே கொடுப்பார்களாம். நான் நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நேரா வாங்க, காட்டறேன்" என்றார்.

அடுத்த லீவு நாளில் போனோம். மேஸ்திரி தன் வண்டியில் முன்னால், நாங்கள் பின்னால். வழியில் கணவரிடம் சொன்னேன், "முன்னாடியே போன் பண்ணிச் சொல்லி வெச்சிருப்பாரு. எல்லாம் ஒத்திகை பாத்துத்தான் பேசுவாங்க." அவர், "நீ கொஞ்சம் சும்மா வா" என்றார்.

தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே ரம்பம் ஓடியது. தரையெல்லாம் சாம்பல் நிறச் சேறு. அந்தச் சத்தத்தைத் தாண்டி மறுபக்கம் போனதும் நான் நின்றுவிட்டேன்.

வரிசை வரிசையாகக் கல்லறைக் கற்கள். மேல்பக்கம் வளைந்தவை, இதய வடிவில் வெட்டியவை, திறந்து வைத்த புத்தகம் மாதிரி, சிறகு விரித்த தேவதை மாதிரி. எல்லாம் கருப்பு. எல்லாம் கண்ணாடி மாதிரி. ஒவ்வொன்றையும் கடக்கும்போது என் முகம் அதில் தெரிந்து தெரிந்து மறைந்தது. ஒரு ஓரத்தில் அவற்றை மரச் சட்டத்தில் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர் மலையை அறுத்து எங்கேயோ குளிர்தேசத்தில் யார் யாருக்கோ தலைமாட்டில் நிறுத்துகிறார்கள். இத்தனை வருடம் அந்தச் சாலையில் பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன். லாரிகளில் போகும் பாறைகளைப் பார்த்து, வீடு கட்டத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொறுப்பாளர் நடுத்தர வயதுக்காரர், சேலம் பேச்சு. எங்களைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம். "எந்த டிபார்ட்மெண்ட்டுங்க?" என்று கேட்டார். மேஸ்திரி அவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவரும் தெலுங்கில் சிடுசிடுவென்று பதில் சொன்னார். என் கணவருக்கு லைனில் கூட வேலை செய்பவர்களால் தெலுங்கு ஓரளவு புரியும். என் காதருகே குனிந்து, "எழுத்த ஏன் பாக்க விட்டன்னு கேக்கான்" என்றார்.

நான் போனைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இது எங்க கல்லுன்னு எப்படிங்க சொல்றீங்க? நெறைய பட்டறை இருக்கு இந்தப் பக்கம்" என்றார்.

சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்த கற்களைக் காட்டினேன். நாங்கள் உள்ளே வந்தபோதே பார்த்திருந்தேன். ஒவ்வொன்றிலும் எங்கோ ஓரிடத்தில் சிவப்புப் பொட்டு. ஒன்றில் தேவதையின் மூக்கில். ஒன்றில் வருடத்தின் கடைசி எண்ணில். "இதே பெயிண்ட்டு, இதே மாதிரி சுழிச்சு வெச்சிருக்கு" என்றேன். "நானும் இந்த வேலைதாங்க பாக்கறேன்."

அவர் என்னைக் கொஞ்சம் புதிதாகப் பார்த்தார். நாற்காலி போடச் சொன்னார். டீ வந்தது.

"சரி, சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க. இது ஒரு புருஷன் பொண்டாட்டிக்குச் செஞ்ச கல்லு. புருஷன் எறந்துட்டாரு. அந்தம்மா உசுரோட இருக்காங்க."

"உசுரோட இருக்கறவங்க பேர எதுக்கு வெட்டறீங்க?" என்றார் கணவர்.

"அங்கெல்லாம் அப்படித்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே எடம், ஒரே கல்லு. பேரை முன்னாடியே வெட்டி வெச்சுக்குவாங்க. அப்புறமா வருஷத்த மட்டும் போட்டா போதும். அனுப்பறதுக்கு முன்னால போட்டோ எடுத்து ஏஜெண்ட்டுக்கு அனுப்புவோம். அவங்க எறந்தவங்க வீட்டுல காட்டி ஓகே வாங்குவாங்க. இந்தக் கல்ல அந்தம்மா பாத்துட்டு, இது என் பேரே இல்லன்னு சொல்லிட்டாங்களாம்."

"ஏன்?"

"பாருங்க, இந்த எழுத்துக்கு மேல ரெண்டு புள்ளி வெக்கணும். பசங்க ஒண்ணு வெச்சிட்டாங்க. நமக்கு ஒரு புள்ளி. அவங்களுக்கு அது வேற எழுத்து, வேற ஆளு."

"இன்னொண்ணு சேத்திருக்கலாமே?"

"அந்த ஒண்ணு நட்ட நடுவுல இருக்கு மேடம். அதை அழிச்சாத்தான் ரெண்டு வெக்க முடியும். கல்லுல எப்படி அழிக்கறது?"

எழுத்துப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, மறுபக்கத்தைப் பாலிஷ் போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். டீக்கடை மேடைக்கு, குளியலறைப் படிக்கு, துணி துவைக்கும் கல்லுக்கு. "உங்க வீட்டுல மட்டும் இல்லீங்க. இந்த ஜில்லாவுல எத்தனையோ வீட்டுல இருக்கு. யாரும் அடியில பாக்கறதில்ல" என்றார். குற்றம் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் என் கணவர் பெருமூச்சு விட்டார். "அப்பாடா. யாரும் படுத்த கல்லு இல்ல. அந்தம்மாவும் நல்லாத்தான் இருக்காங்க." அவருக்கு நம்ப வேண்டும், நம்பிவிட்டார். எனக்கு அப்படி முடியவில்லை. அந்த ஆள் கதையைச் சொல்வதற்கு முன்பே படத்தைப் பார்த்திருந்தார். கோட்டுக்குப் பிறகு வருடம் இல்லை என்பதையும் ஒற்றைப் புள்ளியையும் பார்த்துவிட்டு, அதற்குத் தோதாக ஒரு கதையை அங்கேயே கட்டியிருக்கலாம். சரக்கு கொண்டுவரும் சப்ளையர்கள் என்னிடம் எத்தனையோ தடவை அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனாலும் அந்த அம்மாளை என்னால் ஒதுக்க முடியவில்லை. எங்கோ ஒரு குளிர்ந்த ஊரில், புருஷனைப் புதைத்துவிட்டு வந்த ஒரு வயதான பெண், தன் சொந்தக் கல்லறைக் கல்லின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சோதித்திருக்கிறாள். அழுதுகொண்டே சரியென்று தலையாட்டிவிடவில்லை. ஒரு புள்ளி குறைகிறது, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறாள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அது பொய்க்கதையாக இருந்தாலும், சொன்னவருக்கு அந்த மாதிரி ஒரு பெண்ணைத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

*

மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். சிங்க்கின் கசிவை அடைத்தார். பிறகு வாசலில் நின்றுகொண்டு, "என் செலவுலயே வேற கல்லு மாத்தித் தர்றேங்க மேடம். மனசு கஷ்டம் வேணாம்" என்றார். கணவர் உடனே தலையாட்டினார்.

"வேற கல்லு எங்கேர்ந்து எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் காலால் மணலைக் கிளறினார். "அங்கேர்ந்துதாங்க. இல்லன்னா பக்கத்துப் பட்டறை."

"அப்ப வேணாம். இதுல என்ன இருக்குன்னாவது எங்களுக்குத் தெரியும்."

கணவர் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். "நெஜமாத்தான் சொல்றியா? இதுலயா தினமும் ஆக்கணும்?" நான் ஆமாம் என்றேன். "எனக்குச் சோறு எறங்காது" என்றார். "எழுத்த மூடிட்டா எறங்கும்" என்றேன். அவர் குனிந்து மேடையின் அடியை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி, அம்மா வருவதற்குள் மூடிவிட வேண்டும், ஒரு எழுத்தும் தெரியக்கூடாது என்றார்.

மேஸ்திரி சிமெண்ட் கரைத்துக்கொண்டிருந்தபோது நான் மறுபடி ஒருமுறை மேடைக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அந்த இரண்டாவது பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை. எப்படியும் நான் சரியாகச் சொல்ல முடியாது. தப்பாக எழுதிய பெயர்தானே எனக்குத் தெரியும். கோட்டுக்குப் பிறகு இருந்த வெற்றிடத்தை விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. அதில் வெட்ட வேண்டிய வருடம் வேறொரு கல்லில் இதற்குள் வெட்டப்பட்டிருக்குமோ, இன்னும் இல்லையோ. எழுந்து வந்து, "மூணு கோட்டு அடிங்க" என்றேன்.

அத்தை வந்தார். வந்த மறுநாளே சமையலறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சேவு போட வேண்டும் என்று மாவைக் கல்லின்மேலேயே கொட்டிப் பிசைந்தார். உள்ளங்கையால் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "என்னமா குளுகுளுன்னு இருக்கு! எம்புட்டுத் தடிமன்! சாத்தூர்ல போட்டுருக்கானே நமக்கு, அப்பளம் மாதிரி." என் கணவர் வாசல்பக்கம் போய்விட்டார். நான் அத்தை உட்காரும் இடங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரிசி அளக்க அவர் குனியும்போதெல்லாம் முந்திக்கொண்டு நானே போய் அளந்தேன். "ஏன், நான் அளந்தா கொறஞ்சா போயிரும்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகனிடம் சொன்னார், "இதே மாதிரி கல்லு ஒண்ணு நம்ம வீட்டுக்கும் வேணும்ப்பா. லாரில போட்டு அனுப்பிரு."

என் கணவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, "அவ்வளவு தூரம் கொண்டுபோனா ஒடைஞ்சிரும்மா" என்றார்.

"யானை ஏறினாலும் ஒடையாதுன்னு கல்லு போட்டப்ப போன்ல நீதானடா சொன்ன?"

"இப்ப அந்தக் கல்லு வர்றதில்ல அத்த" என்று நான் குறுக்கே புகுந்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது. மூடியிருக்கும் பெட்டியைப் பார்த்தால் நான் பார்ப்பது போலவே இருந்தது. அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ரயில் ஏறும்போது எனக்குத் திருநீறு பூசிவிட்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போதும் வாரம் ஒருமுறை மகனுக்குப் போன் செய்வார். நலம் விசாரித்துவிட்டு, "கல்லு கேட்டியாப்பா?" என்பார். இவர் நேரமில்லை என்பார். "நேரமிருந்தாலும் விடணும்ல" என்று அந்தப் பக்கம் சொல்வது எனக்குக் கேட்கும்படி இருக்கும். மாமியாருக்கு நல்ல கல் போகக்கூடாது என்று மருமகள் தடுக்கிறாள் என்பது சாத்தூரில் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டதாம். என் தங்கை சொன்னாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒருநாள் கணவரிடம் கேட்டேன். "உன்னப் பத்தி அம்மா என்ன நெனச்சாலும் பரவால்ல, இந்தக் கல்லுல பெசைஞ்ச சேவத் தின்னது அதுக்குத் தெரியவேண்டாம்" என்றார். அந்த மேடையின்மேல் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டார்.